நான் மீனை நிறுத்தின இரண்டு வருஷம்

வண்டூர் ஜெட்டி வரைக்கும் போய்விட்டு வீட்டுக்கு வந்து, கால் கழுவக் குனிந்தபோதுதான் பார்த்தேன். வலது காலில் செருப்பு இருக்கிறது, இடது கால் வெறும் காலாக இருக்கிறது. ரோட்டில் எங்கேயோ கழன்று விழுந்திருக்கிறது, எனக்குத் தெரியவில்லை. உள்ளங்காலில் கண்ணாடிச் சில்லு ஒன்று குத்தி, ரத்தம் வந்து, அது காய்ந்தும் போயிருந்தது. அதுவும் தெரியவில்லை.

முப்பது வருஷம் போர்ட்பிளேர் மார்க்கெட்டில் உட்கார்ந்து மீன் வெட்டினவள் நான். பெரிய சூரை மீன் தலையை இரண்டு போடு போட்டு நான் எடுத்ததில்லை, ஒரே போடுதான். வெயிலில், மழையில், காய்ச்சலில் உட்கார்ந்திருக்கிறேன். என் கையையோ காலையோ பற்றி ஒருத்தர் ஒரு சொல் சொன்னது கிடையாது. அதனால் நான் என்ன செய்தேன் என்றால், வந்த வழியே திரும்பி நடந்து, செருப்பைத் தேடி எடுத்து மாட்டிக்கொண்டு வந்தேன். வீட்டில் சொல்லவில்லை.

வீட்டில் என்றால் அவர் ஒருத்தர்தான், என் வீட்டுக்காரர். டூரிஸ்ட் படகில் இன்ஜின் ஓட்டினவர். அதற்கும் இரண்டு வருஷம் முன்னால் படகிலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். மெயின்லேண்டுக்கு விமானத்தில் கொண்டுபோய், சென்னையில் ரத்தக்குழாய்க்குள் கம்பிச்சுருள் வைத்து, ஒரு மாதம் கழித்துத் திருப்பிக் கொண்டுவந்தோம். வரும்போது ஒரு காகிதமும் கூட வந்தது. என்ன சாப்பிடலாம், என்ன சாப்பிடக் கூடாது என்று இங்கிலீஷில் அடித்த காகிதம். நான் தமிழே எழுத்துக்கூட்டிப் படிக்கிறவள். மகள்தான் வாசித்தாள். அவள் டெலானிபூரில் கவர்மெண்ட் குவார்ட்டர்ஸில் இருக்கிறாள், ஆபீஸ் உத்தியோகம்.

"கறி கிடையாது, முட்டை கிடையாது, மீன் கிடையாது. இனிமே ஆயுசுக்கும் சைவம்தான்" என்று வாசித்தாள்.

அவர் சுவரைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தார். பன்றிக்கறி வறுவல் என்றால் உயிரை விடுகிறவர். கிறிஸ்துமஸுக்கு முந்தின நாளே சட்டியைத் திறந்து திறந்து பார்க்கிறவர். மூன்று நாள் ரசஞ்சோறு சாப்பிட்டார். நாலாவது நாள் என் தட்டில் இரண்டு காரல் மீன் பொரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். அவர் தன் தட்டைத் தள்ளி வைத்தார்.

"நீ தின்னு. நான் வாசம் பிடிச்சுக்கிட்டே சாகுறேன்."

எனக்குச் சுருக்கென்று ஏறிவிட்டது. அந்த இரண்டு காரலையும் எடுத்துப் பூனைக்குப் போட்டேன். "இன்னையிலேருந்து நானும் தொட மாட்டேன். இந்த வீட்டுக்குள்ள மீன் வராது. போதுமா?" என்றேன். நான் ஒன்று சொன்னால் சொன்னதுதான். மார்க்கெட்டில் கேட்டுப் பாருங்கள்.

அப்படித்தான் நிறுத்தினேன். பூசணிக்காய், முருங்கைக்கீரை, வாழைப்பூ, தேங்காய்த் துவையல், புளிக்குழம்பு. கப்பல் பிந்தினால் காய்கறிக் கடையில் உருளைக்கிழங்கும் வெங்காயமும்தான், அப்போது அதுவே மூன்று வேளைக்கும். எதிர்மனை பெங்காலிக்காரி வேலிக்கு அந்தப் பக்கம் நின்று, "மாஸி, மச்சிலி இல்லாம சோறு எப்படி இறங்குது?" என்று இந்தியில் கேட்பாள். "தண்ணி குடிச்சா எல்லாம் இறங்கும்" என்பேன்.

அவருக்கு அது ஒத்துக்கொண்டது, பொய் சொல்லக் கூடாது. தொப்பை கரைந்தது. மகள் வீட்டுக்குப் போனால் டெலானிபூர் ஏற்றத்தில் நாலு இடத்தில் நின்று மூச்சு வாங்கினவர், ஒரே மூச்சில் ஏறிப் போய்விட்டு மேலே நின்று என்னைத் திரும்பிப் பார்த்தார். அங்கேதான் தொடங்கியது அவருடைய பிரசங்கம். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து மாதா கோயில் வாசலில் நாலு பேர் நின்றால் போதும்.

"மீன் செத்த நிமிஷத்திலேருந்து அழுகுது. அதைக் கொண்டுபோய் வயித்துக்குள்ள வெச்சா ரத்தம் என்னத்துக்கு ஆகும்?"

"அண்ணே, கத்திரிக்காயும் பறிச்ச நிமிஷமே செத்துதான் போகுது" என்பார் வலைக்காரர் ஒருத்தர்.

"சிரிக்காதீங்கய்யா. என்னைப் பாருங்க."

"பாக்குறோம்ல. எங்களுக்குத் தவக்காலம் நாப்பது நாளு. உங்க வீட்டுல மட்டும் நோன்பு முடிஞ்சு பாஸ்காவே வர மாட்டேங்குது."

எல்லோரும் சிரிப்பார்கள், அவரும் சிரிப்பார். நான் கொஞ்சம் தள்ளி நிற்பேன். நிற்பேன் என்று சொல்கிறேனே தவிர, ஒரு இடத்தில் நிற்க முடியாமல்தான் இருந்தேன். பாதம் இரண்டும் பஞ்சை மிதிக்கிற மாதிரி. பிறகு எறும்பு ஊறுகிற மாதிரி. பிறகு எரிச்சல். உட்கார்ந்தால் எரியும், எழுந்து நடந்தால் பஞ்சு. அடுப்படியிலிருந்து கிணற்றுக்கு, கிணற்றிலிருந்து கேட்டுக்கு, கேட்டிலிருந்து திரும்ப அடுப்படிக்கு. என்ன எடுக்க வந்தேன் என்பது மறந்துபோகும். நாக்கு சிவந்து வழவழவென்று ஆகி, மிளகாய் பட்டால் கண்ணில் தண்ணீர் வந்தது.

"ஏளா, கியர் விழாத இன்ஜின் மாதிரி எதுக்குச் சும்மா ஓடிக்கிட்டே இருக்கே?" என்பார்.

"வேலை செய்யுறவ ஓடத்தான் செய்வா" என்பேன்.

எனக்குச் சர்க்கரை உண்டு. பன்னிரண்டு வருஷமாக மாத்திரை போடுகிறேன். சர்க்கரைதான் காலைப் பிடிக்கிறது என்று நானே முடிவு கட்டி, சோற்றைப் பாதியாகக் குறைத்தேன். மீன் இல்லை, சோறும் பாதி. இப்போது நினைத்தால் என் புத்தியை என்ன சொல்வது. மகளிடம் லேசாகச் சொன்னேன். "வயசாகுதும்மா" என்றாள்.

பக்கத்து வீட்டில் கும்பகோணம் பக்கத்து அம்மா ஒருத்தர் இருக்கிறார். வீட்டுக்காரர் கவர்மெண்டில் இருந்து ரிட்டயர் ஆனவர். பரம்பரையாக மீன் முட்டை தொடாதவர்கள். ஒருநாள் சாயங்காலம் அவருடைய அடுப்படி வாசலில் நின்று, சும்மா கேட்கிற மாதிரிக் கேட்டேன்: "உங்களுக்கெல்லாம் கால் மரத்துப் போகுமா?"

"எனக்கு எதுக்குப் போறது? எங்காத்துல தொண்ணூறு வயசு வரைக்கும் நடந்தவா இருக்கா. சைவம்தான் உடம்புக்கு நல்லது. நீங்க இப்பத்தானே வந்திருக்கேள், பழகப் பழகச் சரியாயிடும்" என்றார்.

பேசிக்கொண்டே பாலைக் காய்ச்சி இறக்கினார். உறை ஊற்றின தயிரை மூடி வைத்தார். பருப்பில் நெய் விட்டார். ஒரு டம்ளர் காப்பி கலந்து எனக்கு நீட்டினார். "பால் வாடை எனக்கு ஆகாதும்மா" என்று சொல்லிவிட்டு வந்தேன். எல்லாம் என் கண் முன்னால்தான் நடந்தது. நான் பார்த்தேன், கவனிக்கவில்லை.

எங்கள் ஆட்களில் பால் குடிக்கிற பழக்கம் கிடையாது. மார்க்கெட்டில் விடிகாலை ஐந்து மணியிலிருந்து கட்டன் டீதான். தயிர் என்ற சாமானே என் வீட்டுக்கு வந்தது என் வீட்டுக்காரருக்கு நெஞ்சுவலி வந்த பிறகு. பக்கத்து வீட்டம்மா கிண்ணத்தில் கொடுத்துவிடுவார், இவர் சோற்றில் பிசைந்து வழித்துச் சாப்பிடுவார். பாலும் அப்படித்தான், இரண்டு வேளையும் பால் டீ. எனக்கு வேண்டாம் என்பேன். அவருக்குக் கிடைக்கட்டும் என்று தியாகம் ஒன்றும் பண்ணவில்லை, பிடிக்கவில்லை, அவ்வளவுதான்.

செருப்பு கழன்ற அந்த வாரமே மகளுடைய குவார்ட்டர்ஸ் படியில் விழுந்தேன். படி எங்கே இருக்கிறது என்று காலுக்குத் தெரியவில்லை. முழங்கை உரசி, கன்னம் வீங்கி, மகள் அலறிக்கொண்டு ஓடிவந்தாள். அவளும் அவருமாக என்னைப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள்.

டாக்டர் வடக்கே இருந்து வந்த சின்னப் பெண். இந்திதான் பேசினாள். இந்தி எனக்கு நாக்குக்கு வரும், மீன் விற்றவளுக்கு வராமல் இருக்குமா. கவை மாதிரி ஒரு இரும்பைத் தட்டி என் கால் பெருவிரலில் வைத்தாள்.

"அதிருதா அம்மா?"

"எது?"

முழங்காலில் வைத்தாள். அங்கே லேசாகத் தெரிந்தது. கண்ணை மூடிக்கொண்டு நிற்கச் சொன்னாள். மூடினேன், பக்கத்து மேஜைமேல் போய் விழுந்தேன். அவள் எழுதுவதை நிறுத்திவிட்டு, "தினம் என்ன சாப்பிடுறீங்க?" என்று கேட்டாள்.

நான் வாய் திறக்கும் முன்னால் அவர் முந்திக்கொண்டார். "டாக்டர், நாங்க ரெண்டு பேரும் சுத்த சைவம். ரெண்டு வருஷமா. ஒரு கருவாடு கூடக் கிடையாது."

"நீங்க இருங்க அங்கிள். அம்மா, பால்?"

"குடிக்க மாட்டேன்."

"தயிர், பனீர்?"

"அது அவருக்கு."

"முட்டை?"

"வீட்டுக்குள்ள வராது."

"சர்க்கரை மாத்திரை எத்தனை வருஷமா?"

"பன்னெண்டு."

டெய்ரி ஃபார்ம் என்கிற ஏரியாவில் ஒரு லேபில் ரத்தம் கொடுத்து, மறுநாள் ரிசல்ட்டோடு போனோம். அவள் நிதானமாகச் சொன்னாள். நரம்புக்கு ஒரு சத்து வேண்டும், பி டுவெல்வ் என்று பெயர். மீனில் இருக்கிறது, முட்டையில், கறியில், பாலில் இருக்கிறது. கீரையில் இல்லை, பூசணிக்காயில் இல்லை. நான் போடுகிற சர்க்கரை மாத்திரை ரொம்ப வருஷம் போட்டால் அந்தச் சத்தைக் குறைக்கும். வருவதையும் நானே நிறுத்திவிட்டேன். இனி ஊசி போட வேண்டும், சாப்பாட்டையும் மாற்ற வேண்டும்.

"கால் திரும்ப வருமா?" என்று கேட்டேன்.

"கொஞ்சம் வரும். முழுசா வருமான்னு சொல்ல முடியாது. இன்னும் தாமதிச்சா நடக்கிறதே கஷ்டம் ஆயிடும்."

அவருக்கு அதில்லை கவலை. "அப்ப சைவம் தப்புங்கிறீங்களா டாக்டர்?"

"சைவம் தப்பில்லை அங்கிள். நீங்க ரெண்டு பேரும் ஒரே சாப்பாடு சாப்பிடலை."

அந்தச் சொல் எனக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. பக்கத்து வீட்டம்மா சாப்பிடுவது சைவம். அதில் பால் இருக்கிறது, தயிர் இருக்கிறது, பருப்பு இருக்கிறது, எதற்கு எது துணை என்று தெரிந்து சமைத்த தலைமுறைகள் இருக்கின்றன. நான் சாப்பிட்டது மீன்காரி சாப்பாடு, மீன் மட்டும் இல்லை. தட்டிலிருந்து அதை எடுத்தேன், அந்த இடத்தை அப்படியே காலியாக விட்டேன்.

மகள் அவருடைய பழைய ஃபைலையும் கொண்டு வந்திருந்தாள். டாக்டர் அதைப் புரட்டிக்கொண்டே, "மீனை எதுக்கு நிறுத்தினீங்க? பொரிக்காத மீன் சாப்பிடலாம்னு இதுல எழுதியிருக்கே" என்றாள்.

நான் மகளைப் பார்த்தேன். அவள் ஜன்னலைப் பார்த்தாள்.

ஆஸ்பத்திரி வாசலில் அவர் தண்ணீர் பாட்டில் வாங்கப் போனபோது கேட்டேன். "காகிதத்துல இல்லாததை எதுக்கு வாசிச்சே?"

"அப்பாவை உனக்குத் தெரியாதாம்மா? ஒரு துண்டுன்னு சொன்னா ஒரு சட்டி. மீன்னு தொடங்கி மறு வாரம் பன்னிக்கறியில போய் நிப்பாரு. எனக்குப் பயமா இருந்துச்சு."

"பயந்தது சரி. என்கிட்ட சொல்லியிருக்கலாம்ல?"

"நீ சொல்லிடுவே."

"நான் எதைச் சொன்னேன், எதை மறைச்சேன்னு நீ என்னத்தைக் கண்டே? உங்கம்மாவுக்கு இங்கிலீஷ் தெரியாது, அதான் உனக்கு வசதியாப் போச்சு."

அவள் அழுதாள். ஆஸ்பத்திரி வாசலில் எல்லோரும் பார்க்கிற மாதிரி அழுதாள். நான் முந்தானையைக் கொடுத்தேன், சமாதானம் சொல்லவில்லை. இரண்டு வருஷமாக அவளை நம்பி நான் வெறும் புளிக்குழம்பு தின்றிருக்கிறேன். அவள் என்னை நம்பி ஒரு வரி சொல்லவில்லை. அது இன்றைக்கும் எனக்கு ஆறவில்லை.

ஊசி தொடங்கியது. வீட்டில் சண்டையும் தொடங்கியது. மீன் வாங்கப் போகிறேன் என்றேன்.

"ஊசிதான் போடுறாங்கள்ல. அப்புறம் மீன் எதுக்கு?" என்றார்.

"சாப்பாட்டையும் மாத்தச் சொன்னாங்க. உங்க காதுல விழலையா?"

"பாலைக் குடி."

குடித்தேன். அவர் முன்னாலேயே மூக்கைப் பிடித்துக்கொண்டு ஒரு டம்ளர் குடித்தேன். கிணற்றடிக்குப் போய் வாந்தி எடுத்துவிட்டு வந்தேன். மறுநாளும் குடித்தேன், மறுநாளும் அதேதான். முட்டை அவிக்கிறேன் என்றேன், அந்த நாத்தமும் வேண்டாம் என்றார். வயசானால் கால் அப்படித்தான் இருக்கும், டாக்டர் பெண்ணுக்கு என்ன அனுபவம், மீன் தின்கிறவனெல்லாம் ஓடுகிறானா, வெள்ளைக்காரனே இப்போது இலை தழைதான் தின்கிறானாம். கோயில் வாசலில் பேசினதையெல்லாம் அடுப்படியில் வந்து பேசினார். நான் நடந்துகொண்டே கேட்டேன், கிணற்றுக்கும் கேட்டுக்கும். உட்கார்ந்து கேட்க என் காலும் விடவில்லை, மனசும் விடவில்லை.

மூன்றாவது நாள் மத்தியானம் அவர் பூண்டு உரித்துக்கொண்டிருந்தார். குனிந்த தலை நிமிராமல் சொன்னார்.

"எனக்கு ஒண்ணு ரெண்டுன்னு நிக்கத் தெரியாது ளா. அந்தக் குழம்பு கொதிக்கிற வாசம் வந்தா நான் உக்காந்திருக்க மாட்டேன். எனக்கே தெரியும். அப்புறம் இது நின்னுடும்."

பூண்டுத் தோல் ஒட்டின விரலால் நெஞ்சைத் தொட்டுக் காட்டினார்.

அவர் பயந்து நான் பார்த்ததில்லை. புயலில் இன்ஜின் அணைந்து கடலில் கிடந்துவிட்டு வந்து சோறு கேட்டவர். சென்னைக்கு விமானத்தில் படுத்துப் போகும்போது கூட ஏர்ஹோஸ்டஸைக் கிண்டல் பண்ணினவர். இரண்டு வருஷமாக ஊருக்கெல்லாம் சொன்ன பிரசங்கம் அவருக்கு அவரே சொல்லிக்கொண்டது என்று அன்றைக்குத்தான் விளங்கியது. நான் என்ன சொல்ல? என் காலா, அவர் நெஞ்சா? மகள் செய்ததும் அந்த நிமிஷம் கொஞ்சம் விளங்கியது. விளங்கியதே தவிர, மன்னிக்கவில்லை.

பெங்காலிக்காரி காதுக்கு எப்படியோ எட்டிவிட்டது. "மாஸி, என் வீட்டுக்கு வா. மத்தியானம் வந்து சாப்பிட்டுட்டுப் போ, உன் வீட்டுக்காரருக்குத் தெரிய வேண்டாம்" என்றாள். நல்ல மனசில்தான் சொன்னாள். ஊருக்கெல்லாம் மீன் வெட்டிப் போட்டவள், அடுத்த வீட்டு அடுப்படியில் முந்தானையை மூடிக்கொண்டு உட்கார்ந்து தின்ன வேண்டுமா? முடியாது என்று சொல்லிவிட்டேன்.

அன்றைக்கு அவர் சாப்பிட்டு முடித்த பிறகு, நின்றுகொண்டே சொன்னேன். "எனக்கு என் கால் வேணும். செவ்வாயும் சனியும் பத்து மணிக்கு நான் குழம்பு வைப்பேன். கதவு ஜன்னல் எல்லாம் திறந்து வெச்சு, பதினொண்ணரைக்குச் சட்டி கழுவிடுவேன். நீங்க இருந்தாலும் சரி, எழுந்து போனாலும் சரி. ஒளிச்சு வெச்சுத் தின்ன மாட்டேன்."

அவர் சொம்பை எடுத்துக்கொண்டு கை கழுவப் போனார்.

செவ்வாய்க்கிழமை ஜெட்டிக்குப் போய் ஒரு சின்னப் பாறை மீன் வாங்கி வந்தேன். தேங்காய் அரைத்தேன். புளித்தண்ணீர் கொதித்து, மீனைப் போடும் நேரத்தில் கேட் திறக்கிற சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தேன், அவர் குடையை எடுத்துக்கொண்டு ரோட்டில் இறங்கிவிட்டார். ரோடு கொஞ்ச தூரம் போய்ப் பிரியும். வலது பக்கம் கோயில். இடது பக்கம் ஜெட்டி, அங்கே டூரிஸ்ட் ஆட்களுக்காக மீன் பொரித்து விற்கிற கடைகள். அடுப்படி ஜன்னலிலிருந்து தென்னைமரம் வரைக்கும்தான் தெரியும். எந்தப் பக்கம் திரும்பினார் என்று தெரியவில்லை.

இரண்டு வருஷம் கழித்து மீன் சாப்பிட்டேன். ருசியைப் பற்றிச் சொல்லலாம் என்றால், எனக்கு ஞாபகம் இல்லை. முள்ளை எடுத்தேன், முழுங்கினேன், காது வாசல் கேட் பக்கமே இருந்தது. பதினொன்றரைக்குச் சட்டியைச் சாம்பல் போட்டுத் தேய்த்து, கையை எலுமிச்சைத் தோலால் இரண்டு தரம் கழுவினேன். பன்னிரண்டுக்கு வந்தார்.

"முடிஞ்சுதா?"

"முடிஞ்சுது. உங்களுக்குப் பூசணிக்காய்க் கூட்டு இருக்கு."

உட்கார்ந்தார். எங்கே போனீர்கள் என்று நான் கேட்கவில்லை. கேட்டால், நம்பவில்லை என்று ஆகிவிடும். அவர் சோற்றில் தயிர் விட்டுப் பிசைந்து, இரண்டாவது தரம் சோறு கேட்டு வாங்கி, நல்ல பசியோடு சாப்பிட்டார். பசியோடு சாப்பிடுகிறவர் வேறெங்கும் சாப்பிட்டிருக்க மாட்டார். அதைப் பார்த்த பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது.

ஏழு மாசம் ஆகிறது. ஊசி இப்போது மாசத்துக்கு ஒன்று. நாக்கு ஆறிவிட்டது. காலையில் சிமெண்ட் தரையில் இறங்கினால் குளிர்ச்சி பெருவிரல் வரைக்கும் தெரிகிறது. இடது குதிகால் மட்டும் இன்னும் என்னுடையது இல்லை, வருமோ வராதோ. செவ்வாயும் சனியும் அவர் குடையோடு போகிறார், பன்னிரண்டுக்கு வருகிறார், "முடிஞ்சுதா" என்கிறார். நான் சோறு போட்டுவிட்டு, அவர் எத்தனை தரம் கேட்கிறார் என்று பார்க்கிறேன். கோயில் வாசலில் பிரசங்கம் நின்றுவிட்டது. யாராவது சீண்டினால், "அவங்கவங்க உடம்பு அவங்கவங்களுக்கு" என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறார்.

போன சனிக்கிழமை பாதிச் சோற்றிலேயே கையைக் கழுவினார்.

"என்ன, போதுமா?" என்றேன்.

"வெயில் ளா. இறங்கலை" என்று சொல்லிவிட்டுப் போய்ப் படுத்தார்.

வெயிலாகவும் இருக்கலாம், நல்ல வெயில்தான் அன்றைக்கு. அவர் தட்டை எடுத்துக் கழுவினேன். கிணற்றடிக்குப் போனேன். கேட் வரைக்கும் போனேன், திரும்பி வந்தேன். அவர் மார்பு ஏறி இறங்குகிறதா என்று கதவோரம் நின்று பார்த்துவிட்டு, மறுபடியும் கேட் வரைக்கும் போனேன்.